இறங்க அனுமதி

மார்ச் 4

டவர் அதிகாரி அவர்களுக்கு,

‘தம்பி’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருப்பவள் நானே என்பதால், கேட்க வேண்டியதை எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. டவரின் கீழ்த்தளத்தில் மாணவர்கள் பறக்கும் விவரத் தாளைப் போடுகிற மரப்பெட்டியில் இதைப் போடுகிறேன். அதன் சாவி உன்னிடம்தான் இருக்கிறது.

நேற்று காலை நான் தனியாகப் பறந்தேன். பக்கத்து இருக்கையில் பயிற்சி தரும் கேப்டன் இல்லை. அவர் இறங்கிப் போனதும் விமானம் இலேசாகிவிடுகிறது. ஓடுபாதைக்கு மேல் வந்த பிறகும் தரையைத் தொடாமல் அடம்பிடித்து மிதக்கிறது. அந்த அடத்தைச் சமாளித்து, தனியாளாகப் பத்து முறை இறங்கிக் காட்டினால்தான் உரிமத் தேர்வுக்கு என் பெயர் போகும். ஆறு முடித்திருக்கிறேன். நேற்று இன்னும் மூன்று முடித்துவிடலாம் என்று நினைத்துப் போனேன்.

மூன்று முறை இறங்க வந்தேன். மூன்று முறையும் “கோ அரவுண்ட்” என்றாய். இறங்காதே, மறுபடி ஏறிச் சுற்றி வா என்று. முதல் இரண்டு முறை நான் உயரத்தில் இருந்தபோதே சொன்னாய், ஏறிவிட்டேன். மூன்றாவது முறை சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்கூட இல்லை. வேகமும் இல்லை. பதற்றத்தில், இறக்கையில் விரித்திருந்த ஃபிளாப் மடிப்பை ஒரேயடியாக மடக்கிவிட்டேன். ஏறுவதற்குப் பதில் விமானம் கீழே அமுங்கியது. விழப்போகிறாய் என்று எச்சரிக்கும் ஊதல் காதருகே கத்தியது. எப்படி ஏறினேன் என்று இப்போதும் தெரியவில்லை. கடைசியில் நான்காவது சுற்றில் இறங்கினேன். கதவைத் திறந்து இறங்கவே பத்து நிமிடம் ஆனது.

கேப்டன் என்னைக் கடிந்துகொண்டார். “உனக்கு நரம்பு தாங்கல. இன்னும் கொஞ்ச நாள் என்கூடவே பற” என்றார். 

ஒரே ஒரு கேள்வி. மூன்றாவது முறை ஓடுபாதையில் என்ன இருந்தது?

அக்கா


மார்ச் 5

அக்கா,

ஐந்து மாதம் கழித்து எனக்கென்று நீ எழுதியதைப் பார்க்கிறேன். நலமா என்ற ஒரு சொல் இல்லை, நேராக விசாரணை. பரவாயில்லை.

இந்த ஓடுபாதையின் நடுவில் ஒரு மேடு இருப்பது உனக்குத் தெரியும். இறங்க வருகிறவர்களுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரியாது. டவரில் இருக்கிற எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று புல் வெட்டும் டிராக்டர் அந்தப் பக்கம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அதனால் ஏறச் சொன்னேன். இது என் வேலை. பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி கேட்கும் உரிமை எனக்கும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீ பயிற்சியில் சேர்ந்தபோது பூர்த்தி செய்த படிவம் டவருக்கும் ஒரு பிரதி வந்தது. ‘இந்த விமானத் தளத்தில் உறவினர் எவரேனும் பணிபுரிகிறார்களா?’ என்று கேட்டிருந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாய். குண்டு குண்டாக, அழுத்தி. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ‘தம்பி’ என்று எழுதியிருந்தால் நீ பறக்கும் நேரத்தில் என்னை அந்த நாற்காலியில் உட்காரவே விட்டிருக்க மாட்டார்கள். அது விதி. நானும் வாயைத் திறக்கவில்லை. உன் படிவத்தை நான் பொய்யாக்கினால் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று இருந்தது.

அப்பாவைப் பற்றி நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இடுப்பில் புண் வரப்பார்த்தது, காற்று மெத்தை போட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறேன். வாய் மட்டும் குறையவில்லை. மூக்குக் கண்ணாடிக் கூட்டால் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறார். வேலைக்கான பயிற்சிக்கு நீ வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். “என்ன பயிற்சிடா, கலெக்டருக்கா?” என்று தினமும் ஒரு தடவை கேட்கிறார்.

பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். வராத நாளும் உண்டு.

தம்பி


மார்ச் 7

தம்பி,

சரி, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன்.

நேற்று கேன்டீனில் டிராக்டர்காரரின் எதிரில் போய் உட்கார்ந்தேன். நல்ல மனிதர். “அன்னிக்கு நான் மூணாவது தடவை வந்தப்போ நீங்க எங்கண்ணே இருந்தீங்க?” என்று கேட்டேன். “ரெண்டு தடவை நீங்க தலைக்கு மேல போனதைப் பாத்தேம்மா. அதுக்கப்புறம் வண்டியக் கொட்டகையில விட்டுட்டு டீ குடிக்க வந்துட்டேன். ஓடுபாதை காலின்னு ரேடியோவுல டவருக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றார். டீ ஆறிப்போயிருந்தது என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால் மறுபடி கேட்கிறேன், மழுப்பாமல் சொல்.

படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியது உனக்கு உறைத்திருக்கிறது. உறைக்கட்டும் என்றுதான் எழுதினேன் என்று நினைக்காதே. அந்த இடத்தில் உன் பெயரை எழுதினால் உனக்கு ஆள் அனுப்புவார்கள், நீ வருவாய், கையில் வீட்டுச் சாவியோடு வருவாய். அந்தச் சாவிக்குத்தான் பயந்தேன்.

பதினான்கு வருஷம், தம்பி. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு வருவாய். அப்பாவுக்கு முகம் மழித்துவிடுவாய், பழைய கதை பேசுவாய், இருட்டும் முன் குவார்ட்டர்சுக்குக் கிளம்பிவிடுவாய். “உன் தம்பி வந்தாதான் எனக்கு உயிரே வருது” என்பார் அவர். மற்ற ஆறு நாளும் அந்த உயிரைக் கழுவித் துடைத்து வைத்தது நான். குளியலறைக்குப் போனால் தட்டுவார். மாடியில் துணி காயப்போட்டால் தட்டுவார். தெருமுனைக் கடைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். எனக்கு நாற்பத்தொரு வயது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு நான் திரும்பி வராதது தப்புதான். சொல்லிவிட்டுப் போயிருந்தால் போகவே விட்டிருக்க மாட்டீர்கள். அம்மா என் கல்யாணத்துக்கென்று வைத்துவிட்டுப் போனதைப் பறப்பதில் செலவழிக்கிறேன். கல்யாணம் பண்ணியிருந்தாலும் இதைவிட உருப்படியாகச் செலவாகியிருக்காது.

ஆனால் சிரிப்பு எங்கே வருகிறது தெரியுமா? பறக்கிறேன் என்று பெயர். ஏறி, இடப்பக்கம் திரும்பி, மறுபடி திரும்பி, மறுபடி திரும்பி, அதே ஓடுபாதை. ஆறு நிமிடத்துக்கு ஒரு சுற்று. மூன்றாவது திருப்பத்தில் நம் தெரு தெரிகிறது. வீட்டிலிருந்து தப்பித்து வந்து வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். இதில் இறங்குவதற்கும் அனுமதி கேட்க வேண்டும், அதுவும் உன்னிடம். அங்கே அப்பா, இங்கே நீ. மேலே இருக்கும்போது என்னால் கதவைச் சாத்திக்கொண்டு அழக்கூட முடியாது. எரிபொருள் முள் குறைந்துகொண்டே வரும், நீ ‘சரி’ என்று சொல்ல வேண்டும்.

உன் குரலை நம்பித்தான் நான் தரைக்கு வருகிறேன். அதனால் உண்மையைச் சொல்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

இரண்டு நாள் எழுதிக் கிழித்தேன். இனிக் கிழிக்கப் போவதில்லை.

மூன்றாவது முறை ஓடுபாதையில் ஒன்றும் இல்லை. டிராக்டர்காரர் ரேடியோவில் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

அன்று காலை அந்த அம்மா வரவில்லை. ஆறு மணிக்கு நான் நாற்காலியில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்து, தண்ணீரைக் கை எட்டும் இடத்தில் வைத்து, கதவை வெளியே பூட்டிவிட்டு வந்தேன். பூட்டும்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. டவர்ப் படி ஏறி வந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்கு மணி நேரமாக அதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடம் சொல்ல? மற்ற அதிகாரி விடுப்பில் இருக்கிறார். நான் எழுந்து போனால் தளத்தையே மூட வேண்டும்.

அப்போது நீ ரேடியோவில் வந்தாய். இரண்டு முறை ஏறச் சொல்லியும் உன் குரலில் கொஞ்சமும் சலிப்பு இல்லை. மூன்றாவது முறை இறங்க அனுமதி கேட்டபோது உன் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. சின்ன வயதில் மாங்காய் அடித்துவிட்டு ஓடிவருவாயே, அப்போது இருக்கும் சிரிப்பு. அனுமதி கொடுத்தேன். நீ இறங்கிக்கொண்டிருந்தாய். இவள் சிரிக்கிறாள், நான் அப்பாவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். வாய் ‘கோ அரவுண்ட்’ என்றது. சொன்ன பிறகுதான் நீ எவ்வளவு தாழ்வாக இருக்கிறாய் என்று பார்த்தேன்.

நீ அமுங்கியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன், அக்கா. எழுந்து நின்றுவிட்டேன். ஒலிவாங்கி கையிலேயே இருந்தது.

பதிவேட்டில் மூன்று முறையும் டிராக்டர் என்று எழுதியது பொய். இந்தக் கடிதம்தான் உண்மை. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

தம்பி


மார்ச் 10

தம்பி,

படித்தேன். முதலில் உன் மேல் வந்த கோபத்தைவிட, அப்பாவைப் பூட்டிவிட்டு வந்தாயே என்ற கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. பிறகு, நானும் எத்தனை நாள் பூட்டிவிட்டுக் கடைக்கு ஓடியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்து அந்தக் கோபம் போய்விட்டது. உன் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. நான் சொன்ன பொய்யால் யாரும் ஆகாயத்திலிருந்து விழப் பார்க்கவில்லை.

கேப்டனிடம் கெஞ்சி, அவரோடு நான்கு முறை பறந்து காட்டினேன். 12ஆம் தேதி மறுபடி தனியாக விடுகிறார். அன்று நீ அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது.

அக்கா


மார்ச் 11

அக்கா,

மற்றவர் 15ஆம் தேதிதான் வருகிறார். நாற்காலியை விட்டு எழ வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘பறப்பவர் என் அக்கா’ என்று எழுதினால் உன் படிவம் பொய்யென்று ஆகும், உன் பயிற்சி அன்றோடு முடியும். எழுதாவிட்டால் நான்தான் உட்கார வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இனி உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன். பயப்படாமல் வா.

தம்பி


மார்ச் 12, மாலை

அக்கா,

அடிபட்டதா? ஆஸ்பத்திரியில் ‘லேசான காயம்’ என்கிறார்கள், உள்ளே விடவில்லை. உறவா என்று கேட்டார்கள். பழக்க தோஷத்தில் இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். இதை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஏன் ஏறவில்லை? இரண்டு முறை சொன்னேனே. கத்தினேனே.

விசாரணைக்கு ஆள் வந்துவிட்டார். என் வாக்குமூலத்தையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டார். 9ஆம் தேதி நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். வேலை போனால் அப்பாவையும் அந்த நான்கு சுவரையும் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நான் எப்படி இருப்பேன்?

தம்பி


மார்ச் 14

தம்பி,

இடது மணிக்கட்டில் கட்டு. நெற்றியில் மூன்று தையல். நேற்று விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

ஏன் ஏறவில்லை என்று கேட்டாய். நன்றாக இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலேயே அதுதான் நல்ல இறக்கம். வேகம் சரி, உயரம் சரி, எதிரே மேடு வரைக்கும் பாதை துடைத்து வைத்தது போல இருந்தது. ‘கோ அரவுண்ட்’ என்றாய். இவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கத்தினாய். இன்றைக்கும் அந்த அம்மா வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான். இறங்கினேன்.

மேட்டைத் தாண்டியதும் டிராக்டர் குறுக்கே நின்றது. டிராக்டர்காரர் குதித்து ஓடியதைப் பார்த்தேன். காலால் வலப்பக்கம் முழுக்க மிதித்தேன். புல்லில் இறங்கி, மூக்குச் சக்கரம் உடைந்து, விசிறி மண்ணைக் கொத்திக்கொண்டு நின்றது. அவருக்கு முழங்கை சிராய்ப்பு. நேற்று என்னைப் பார்க்க வந்து, “வண்டி நின்னுபோச்சும்மா, ஸ்டார்ட் ஆவல, என் மேலதான் தப்பு” என்று அவர் மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

விசாரணை அதிகாரி அமைதியான மனிதர். “டவர் சொன்னது கேட்டுச்சா?” என்றார். கேட்டது என்றேன். “புரிஞ்சுதா?” புரிந்தது என்றேன். “அப்புறம் ஏன் இறங்குனீங்க?” நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கிறார். பதில் இல்லையென்றால் கட்டளையை மீறியவள் என்று பெயரை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு எந்தப் பள்ளியும் என்னைச் சேர்க்காது.

என் பதில் உன் 9ஆம் தேதிக் கடிதத்தில் இருக்கிறது. இரண்டு நாளாகத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காட்டினால் உன் வேலை போகும், நீ அந்த வீட்டுக்குள் போவாய். காட்டாவிட்டால் என் பறப்பு போகும். எனக்குப் போக வேறு இடம் இல்லை, நான் அந்த வீட்டுக்குள் போவேன். எப்படிப் பார்த்தாலும் நம்மில் ஒருவரை உள்ளே வைத்துத்தான் அந்தக் கதவு சாத்தப்படும் போலிருக்கிறது.

கிழிக்கச் சொன்னாய். கிழித்தால் நான் உன்னைக் காப்பாற்றிய தியாகி ஆகிவிடுவேன். பதினான்கு வருஷம் ஆனேன், போதும். காட்டினால் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள். அதுவும் எனக்கு வேண்டாம். ஆகவே கடிதத்தை இதோடு வைத்து உனக்கே அனுப்புகிறேன். பிரதி எடுக்கவில்லை. திங்கட்கிழமை நான் மறுபடியும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நீ கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

நேற்று திங்கட்கிழமை. உன்னை அழைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நான் விசாரணை அறைக்குள் போனேன். கடிதத்தை மேசை மேல் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். “இந்த அக்கா, அந்த மாணவியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஐந்து மாதத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

நீ வெளியே பெஞ்சில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாய். நான் பின்வழியாகப் போய்விட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் நான் செய்ததற்கு நன்றி எதிர்பார்ப்பேன், அது அசிங்கம்.

வேலை போய்விட்டது. தற்காலிகம் என்று தாளில் இருக்கிறது, நிரந்தரம் என்று எல்லாருக்கும் தெரியும். உனக்குப் படிவத்தில் பொய் எழுதியதற்கு எச்சரிக்கை மட்டும். கை குணமானதும் கேப்டனோடு சில நாள், பிறகு தனியாக. விசாரணை அதிகாரியே சொன்னார்.

உனக்காகப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஞாயிறு முழுக்க அந்தத் தாளைத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கிறது. சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனாயே, அது ஆறவில்லை. ஆனால் நீ டிராக்டரைப் பார்த்துத் திரும்பியதை நான் மேலேயிருந்து பார்த்தேன். என் சொல்லை நம்பாததால் நீ செத்திருப்பாய். அதற்கு மேல் கொளுத்த மனம் வரவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அவ ஏரோப்ளேன் ஓட்டுறாளா?” என்றார். “ஓட்டுறாப்பா.” “விழுந்துட்டாளா?” “இல்லப்பா, மூக்கு மட்டும் ஒடஞ்சிருச்சு.” “அய்யோ, அவளுக்கா?” “ஏரோப்ளேனுக்கு.” அதன் பிறகு அவர் சிரித்தார், அக்கா. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார். “வரச் சொல்லாதடா, பறக்கட்டும்” என்றார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்காக ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

காலை எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுகிறேன். நடுவில் செய்ய ஒன்றும் இல்லை. நீ இதில் எப்படிப் பதினான்கு வருஷம் இருந்தாய் என்று கேட்க நினைக்கிறேன், கேட்க வெட்கமாக இருக்கிறது. வெளியே ஒரு வேலை தேடுகிறேன். கிடைக்கும் வரை இதுதான். நீ வர வேண்டாம், பழம் வாங்கிக்கொண்டும் வர வேண்டாம்.

டவருக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். சின்ன வயது, குரல் கொஞ்சம் கீச்சு. அவருக்கு நீ யார் என்று தெரியாது. உன் குரலில் இருப்பது சிரிப்பா அழுகையா என்று அவர் கவனிக்கப் போவதில்லை. நீ எவ்வளவு அழகாக இறங்கிக்கொண்டிருந்தாலும், பாதை எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும், அவர் ஏறு என்று சொன்னால் மேட்டுக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஏதோ இருக்கும்.

ஏறிவிடு, அக்கா.

தம்பி